சலவைத் தொட்டியும் சொற்பொழிவு மேடையும்

அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றோரமாக டெல்ட்டா என்றொரு சிற்றூர் உண்டு. ஆற்றுக்கு அக்கரையில் இருப்பது விக்ஸ்பர்க் நகரம். 1867ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 23ஆம் நாள் அச்சிற்றூரின் பருத்திப் பண்ணையொன்றில் ஒரு பெண் மகவு பிறந்தது. தந்தையார் ஓவன் பிரீட்லவ்; தாயார் மினர்வா. இருவரும் அதே பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்கள். அடிமை முறையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தம் 1865 டிசம்பரில்தான் நிறைவேறியது. ஆகவே சாரா எனப் பெயரிடப்பெற்ற அம்மகவே, அக்குடும்பத்தில் எவருக்கும் உடைமையாக எழுதப்படாமல் பிறந்த முதற் பிள்ளை ஆயிற்று. பிற்காலத்தில் 'மேடம் சி. ஜே. வாக்கர்' என்னும் பெயரால் பெரும் வணிகராகவும், கேட்டாரைப் பிணிக்கும் பேச்சாளராகவும் விளங்கிய அம்மையாரின் வரலாற்றையே நம் கழகத்தின் வெள்ளி விழா மலரில் எழுத முற்படுகின்றோம்.

கடல் கடந்த ஒரு பெண்ணின் வரலாறு நமக்கு எதற்கு என்று வினவுவார் இருக்கலாம். அமெரிக்கக் கருப்பின மக்களின் விடுதலையை நம் முன்னோர் அந்நியச் செய்தியாகக் கருதியதில்லை. மகாத்மா சோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' என்னும் நூலை, அடிமை ஒழிப்புக்காகத் தியாகம் புரிந்த அமெரிக்க மக்களுக்கே காணிக்கை ஆக்கினார். அண்ணல் அம்பேத்கர் அவர்களும் 1946இல் கருப்பின அறிஞர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்கு அம்மக்கள் அளித்த முறையீட்டின் படிகளைக் கேட்டார். அந்த உறவின் வழி வந்தவர்கள் நாம்.

சட்டம் விடுதலை கொடுத்தது, நிலம் கொடுக்கவில்லை. முன்பு அடிமைகளாக உழுத நிலத்தையே பின்பு வாரத்துக்கு உழுதார்கள். விதைக்கும் கருவிக்கும் உணவுக்கும் கடன். அறுவடையில் கடன் கழிந்தது போக மிச்சம் ஒன்றுமில்லை. மறு ஆண்டுக்கு மறு கடன். பண்ணையாள் முறையை அறிந்த நம் பெரியோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சாராவுக்கு ஏழு வயது நிரம்பிய காலத்தில் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. பத்து வயதளவில் தமக்கை லுவீனியாவோடும் அவர் கணவரோடும் விக்ஸ்பர்க் நகருக்குச் சென்று வீட்டு வேலை செய்யலானார். தமக்கையின் கணவர் கொடுமைக்காரர். அக்கொடுமையிலிருந்து தப்புவதற்கென்றே பதினான்காம் வயதில் மோசஸ் மெக்வில்லியம்ஸ் என்பாரை மணந்தார். 1885இல் லெலியா என்ற மகள் பிறந்தாள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கணவர் மறைந்தார். இருபது வயது நிரம்புமுன்னே கையில் குழந்தையோடு கைம்பெண் ஆனார் சாரா. பள்ளியில் அவர் பயின்ற காலம் மொத்தம் மூன்று திங்கள் அளவே.

செயின்ட் லூயிஸ் நகரில் அவருடைய உடன்பிறந்தார் முடிதிருத்தும் தொழில் செய்து வந்தனர். அவர்களை நாடிச் சென்றார். அங்கே அவருக்குக் கிடைத்த தொழில் பிறர் வீட்டுத் துணிகளை வெளுப்பது. நீர் சுமந்து வந்து கொதிக்க வைத்தல், காரச் சோப்பில் ஊறவைத்தல், அலைப் பலகையில் தேய்த்தல், கஞ்சி போடுதல், கனத்த இரும்புப் பெட்டியால் தேய்த்து மடித்தல். நாளொன்றுக்கு ஒன்றரை டாலருக்கு மேற்படாத வருவாய். பதினெட்டு ஆண்டுக் காலம் அவ்வாறே கழிந்தது. அந்த வருவாயில் மிச்சம் பிடித்தே மகளைப் பள்ளிக்கு அனுப்பினார். பின்னர் டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில் கல்லூரியிலும் சேர்த்தார். தொட்டியின் மேல் குனிந்திருந்த தம் முதுகையும் சோப்பு நுரையில் வெளிறிய தம் கைகளையும் ஒரு நாள் உற்று நோக்கி, "முதுமை வந்து இம்முதுகு நிமிராத காலத்தில் நம் கதி என்ன?" என்னும் எண்ணம் தமக்கு எழுந்ததாக அம்மையார் பிற்காலத்தில் நினைவு கூர்ந்திருக்கின்றார்.

அந்நாட்களில் அவருக்கு உறுதுணையாக இருந்தது கருப்பின மக்களின் மெதடிஸ்ட் ஆலயமாகிய புனித பவுல் ஆலயமும் அதன் மாதர் சங்கமுமாம். அங்கே கற்றறிந்த பெண்கள் வந்தனர், தெளிவாகப் பேசினர், கூட்டம் நடத்தினர், ஏழைகட்குப் பொருள் திரட்டினர். ஆலயப் பாடகர் குழுவில் நின்று பாடிய சாரா அவர்களைப் பார்த்துப் பார்த்தே, தாமும் அவ்வாறு ஆதல் கூடும் என்று எண்ணத் தொடங்கினார். தனி ஒருவர் தம் முயற்சியால் மட்டுமே உயர்ந்தார் என்று எழுதும் வாழ்க்கை வரலாறுகளில் நமக்கு நம்பிக்கை குறைவு. உடன்பிறந்தார் இடம் கொடுத்தனர். ஆலயத்துப் பெண்கள் தோள் கொடுத்தனர். கழகம் ஒன்று எதற்காக இருக்கின்றது என்று வினவும் இளைஞர்கள் இந்தப் பகுதியை மீண்டும் ஒரு முறை படிக்க.

இனி வணிகத்துக்கு வருவோம். குழாய் நீர் இல்லாத வீடுகள், போதாத உணவு, ஓயாத உழைப்பு இவற்றால் அக்காலத்து ஏழைப் பெண்கள் பலருக்குத் தலையில் புண்ணும் பொடுகும் உண்டாகி முடி உதிர்ந்தது. சாராவுக்கும் அதே நிலை. தமக்கு வந்த நோய்க்கு மருந்து தேடியவர், அதையே தொழிலாகக் கொண்டார். தம் கனவில் ஒருவர் தோன்றி மருந்தின் கலவையைக் கூறியதாக அவர் சொல்வது வழக்கம். அக்கதையை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டுவதில்லை. ஆனி டர்ன்போ என்ற மற்றொரு கருப்பினப் பெண்மணி முன்னரே இத்துறையில் இறங்கித் தலைமுடி மருந்து விற்று வந்தார். பின்னாளில் ஆனி மலோன் எனப் புகழ் பெற்றவர் இவரே. செயின்ட் லூயிசில் சாரா அவரிடம் விற்பனை முகவராக இருந்தார் என்பதும், தம் வழியைப் பின்பற்றித் தமக்கே போட்டியானார் என்று ஆனி குறை கூறினார் என்பதும் வரலாறு. கந்தகமும் வாசலினும் சேர்ந்த கலவை இருவருக்கும் முன்பே மருத்துவர் அறிந்தது. எனவே கலவையைக் கண்டுபிடித்தமை அன்று, அதனைக் கொண்டு ஓர் அமைப்பைக் கட்டியமையே வாக்கர் அம்மையாரின் பெருமை எனக் கொள்ளுதல் தகும்.

1905இல் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகருக்குச் சென்றபோது அவர் கையில் இருந்தது ஒன்றரை டாலர் என்பர். பகலில் மருந்துக்கடை உரிமையாளர் ஒருவர் வீட்டில் சமையல். எஞ்சிய நேரத்தில் களிம்பு கலக்குதல், வீடு வீடாகச் சென்று விற்றல். 1906 சனவரியில் செய்தித்தாள் விளம்பரத் தொழிலில் பழகிய சார்லஸ் ஜோசப் வாக்கரை மணந்தார். அவர் பெயரின் முதலெழுத்துகளோடு 'மேடம்' என்பதைச் சேர்த்துக்கொண்டார். இதில் ஒரு நுட்பம் உண்டு. வெள்ளையர் கருப்பினப் பெண்களை, அவர்கள் எத்துணை முதியோராயினும், 'ஆன்ட்டி' என்றோ வெறும் பெயராலோ அழைப்பர். 'திருமதி' என்னும் அடைமொழியைத் தர மாட்டார். பெயரோடு மதிப்பும் ஒட்டியே வரும்படி அம்மையார் செய்துகொண்டார். விலாசத்தில் 'மேடம் வாக்கர்' என்று எழுதாமல் களிம்பு வாங்க இயலாதன்றோ! பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைத்த சிறுவர்களை நம் ஊர்த் தெருக்களிலும் பார்த்தவர்கள் நாம்.

நாளொன்றுக்குப் பத்து டாலர் வருவாய் வந்ததும் இதுவே போதும் என்றார் கணவர். போதாது என்றார் மனைவி. தென் மாநிலங்களில் ஊர் ஊராகச் சுற்றுப்பயணம் தொடங்கினார். சென்ற இடங்களில் அவர் முதலில் நாடியது கருப்பின மக்களின் ஆலயத்தையும் சங்கக் கூடங்களையுமே. ஒரு கூட்டம் கூட்டுவார், பேசுவார், பெண்ணொருத்தியை அமர்த்தித் தலையைக் கழுவி மருந்திடும் முறையைச் செய்து காட்டுவார், அவ்வூர்ப் பெண்கள் சிலருக்கு அம்முறையைக் கற்பித்து முகவர் ஆக்குவார், அடுத்த ஊருக்குப் புறப்படுவார். வீட்டு வேலைக்காரிகளாகவும் சலவைக்காரிகளாகவும் வாழ்ந்த பெண்கள் தம் வீட்டு முன்னறையிலேயே தொழில் நடத்தலாயினர். 1908இல் பிட்ஸ்பர்க் நகரில் மகளின் பெயரால் பயிற்சிப் பள்ளி ஒன்றை நிறுவினார். 1910இல் இண்டியானாபொலிஸ் நகரில் குடியேறித் தொழிற்சாலை அமைத்தார். 1911இல் நிறுவனம் சட்டப்படி பதிவாயிற்று; பங்குகள் அனைத்தும் அவர் பெயரிலேயே இருந்தன. 1912இல் கணவரோடு மணமுறிவு ஏற்பட்டது.

அவர் விற்றது முடியை நேராக்கும் மருந்து, வெள்ளையரைப் போலத் தோன்றும் ஆசையை வளர்த்தவர் அவர் என்று பழித்தாரும் உளர். இக்குற்றச்சாட்டை முற்றிலும் தள்ளிவிட நாம் துணியவில்லை. சூடேற்றிய சீப்பு அவர் முறையில் ஒரு பகுதியே. ஆனால் தோலை வெளுப்பாக்கும் களிம்பை அவர் தம் வாழ்நாளில் விற்றதே இல்லை என்பதையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். அத்தகைய பொருள் அவர் மறைந்த பின்னரே அந்நிறுவனத்தில் இடம் பெற்றது.

அம்மையாரின் வாழ்வில் நாம் நெடிது நின்று காண வேண்டிய இடம் 1912 ஆகஸ்டுத் திங்கள் சிக்காகோ நகரில் நடைபெற்ற தேசிய நீக்ரோ வணிகர் சங்க மாநாடே. 1900இல் அச்சங்கத்தைத் தோற்றுவித்தவர் புக்கர் வாஷிங்டன். அடிமையாகப் பிறந்து, டஸ்கீஜி கல்வி நிலையத்தைக் கட்டி எழுப்பிய பெருந்தலைவர். கல்வியும் தொழிலும் கொண்டு முன்னேற வேண்டும் என்று ஓயாது உரைத்தவர். அவருடைய அறிவுரைக்கு இலக்கணமாக வாழ்ந்த ஒருவர் உண்டெனில் அவர் வாக்கர் அம்மையாரே. எனினும் மாநாட்டில் பேச அவருக்கு வாய்ப்பு அளிக்கப்படவில்லை. முடி அலங்காரத் தொழில் வாஷிங்டனுக்கு உவப்பானது அன்று. இண்டியானாபொலிஸ் இதழாசிரியர் ஜார்ஜ் நாக்ஸ் என்பார் எழுந்து, இவ்வம்மையாரைப் பேச விடுக என்று வேண்டினார். தலைவர் அதனைப் பொருட்படுத்தாது அடுத்தவரை அழைத்தார். வங்கியாளரும் பிற தொழிலதிபரும் ஒருவர் பின் ஒருவராகப் பேசினர்.

இறுதி நாளன்று அம்மையார் இருக்கையை விட்டு எழுந்தார். என் முகத்தின் மேல் கதவை அடைத்துவிட மாட்டீர்கள் என்றே நம்புகின்றேன் என்ற கருத்துப்படத் தொடங்கினார். நம் இனத்துப் பெண்மைக்குப் பெருமை சேர்க்கும் தொழிலில் இருப்பவள் நான் என்றார். தென்னாட்டுப் பருத்திக் கொல்லையிலிருந்து வந்தவள், அங்கிருந்து சலவைத் தொட்டிக்கு உயர்ந்தவள், அங்கிருந்து சமையற் கூடத்துக்கு உயர்ந்தவள், அதன்பின் தம்மைத் தாமே தொழிலதிபராக உயர்த்திக்கொண்டவள் என்று தம் வரலாற்றை நான்கே படிகளில் கூறினார். தம் சொந்த நிலத்தில் தம் சொந்தத் தொழிற்சாலையைக் கட்டியிருப்பதாகக் கூறி முடித்தார்.

அப்பேச்சின் அமைப்பைப் பேச்சுப் பயிற்சி பெற விழையும் இளைஞர்கள் நன்கு நோக்குக. இதில் அலங்காரச் சொல் ஒன்றும் இல்லை. மறைக்க வேண்டியவை என்று உலகம் எண்ணும் பருத்திக் கொல்லையையும் சலவைத் தொட்டியையும் அவர் முன்னே எடுத்து வைத்தார். வேலையாட்களுக்குப் 'பதவி உயர்வு' கொடுப்பவர் முதலாளியே. அச்சொல்லைத் தொட்டிக்கும் அடுப்புக்கும் ஏற்றி, இறுதியில் உயர்வு கொடுத்தவரும் தாமே என்று முடித்ததில் நகைச்சுவையும் உண்டு, சாட்டையும் உண்டு. பேச்சு முடிந்த பின்னும் வாஷிங்டன் ஒரு சொல்லும் கூறாமல் அடுத்த நிகழ்ச்சிக்குச் சென்றார். ஆனால் அவையோர் மறக்கவில்லை. 1913இல் இண்டியானாபொலிஸ் கிறித்தவ இளைஞர் சங்கக் கட்டடத் திறப்பு விழாவுக்கு வந்த வாஷிங்டன், வாக்கர் அம்மையாரின் இல்லத்திலேயே தங்கினார். அக்கட்டடத்துக்கு ஆயிரம் டாலர் நன்கொடை அளித்திருந்தவர் அம்மையார். அதே ஆண்டு பிலடெல்பியா மாநாட்டில் அவர் அழைக்கப்பெற்ற பேச்சாளராக மேடையேறினார்.

இந்நிகழ்ச்சியை எழுதுங்கால் நம் சொந்த விழா மேடைகள் நம் நினைவுக்கு வருகின்றன. மாற்றார் அடைத்த கதவைப் பற்றி நாம் நிறையப் பேசுகின்றோம், பேசவும் வேண்டும். நம் கூட்டங்களில் பட்டம் பெற்றோருக்கும் அலுவலில் உள்ளோருக்கும் மாலையும் ஒலிபெருக்கியும் கிடைக்கின்றன. தோல் பதனிட்டு, செங்கல் சூளை வைத்து, காய்கறிக் கடை நடத்திப் பத்துப் பேருக்கு வேலை கொடுத்தவர் பின் வரிசையில் அமர்ந்து கைதட்டுகின்றார். விழாச் செலவுக்கு நன்கொடைப் புத்தகம் மட்டும் அவரிடம் முதலில் செல்கின்றது. அவர் பெண்ணாயின் பின் வரிசையும் இல்லை. பந்திக் கூடத்தில் இருப்பார். சிக்காகோவில் கதவை அடைக்கப் பார்த்தவர் வெள்ளையர் அல்லர் என்பதை நாம் கருதுதல் வேண்டும்.

மூன்று திங்கள் மட்டுமே பள்ளி கண்டவர் இவ்வாறு பேசக் கற்றது எங்ஙனம்? அதற்கும் உழைப்பே காரணம். தம் தொழிற்சாலையில் பணிபுரிந்த ஆலிஸ் கெல்லி என்னும் முன்னாள் ஆசிரியையைப் பயணத் துணையாகவும் தமக்கு ஆசிரியையாகவும் அமர்த்திக்கொண்டார். நாற்பது வயதுக்கு மேல், ஆயிரக்கணக்கில் வருவாய் ஈட்டிய பின், தம்மிடம் ஊதியம் பெறும் ஒருவரிடம் மாணவியாக அமர்ந்து இலக்கணமும் கடிதம் எழுதும் முறையும் கற்றார். பொறுப்புள்ள வழக்கறிஞராகிய ஃப்ரீமன் ரான்சம் என்பாரிடம் கணக்கையும் நிர்வாகத்தையும் ஒப்படைத்துவிட்டுத் தாம் மேடைகளுக்குச் சென்றார். ஒளிப்படச் சில்லுகளை விளக்கின் முன் வைத்துத் திரையில் காட்டி, வணிகத் துறையில் கருப்பினப் பெண்களின் நிலை பற்றி விளக்கவுரை ஆற்றினார். ஏட்டுக் கல்வி இல்லாமலே உயர்ந்தார் என்று அவரை எடுத்துக்காட்டிக் கல்வியைக் குறைத்துப் பேசுவார்க்கு இச்செய்தி விடையாகும்.

செல்வம் வந்தபின் இழிவு நின்றுவிட்டதா? இல்லை. இண்டியானாபொலிஸ் ஐசிஸ் திரையரங்கில் அம்மையார் பத்துக் காசு கொடுத்துச் சீட்டுக் கேட்டபோது, கருப்பின மக்களுக்குக் கட்டணம் இருபத்தைந்து காசு என்றார்கள். அவர் வீடு திரும்பி வழக்கறிஞரை அழைத்து வழக்குத் தொடுத்தார். அவர் பெயர் தாங்கிய கட்டடம் அந்நகரில் 1927இல் திறக்கப்பட்டபோது, அதனுள்ளே கருப்பின மக்கள் மதிப்போடு அமரும் திரையரங்கம் ஒன்றும் இருந்தது. தேநீர்க் கடையில் தனிக் குவளையும், முடிதிருத்தகத்தில் நாற்காலி மறுப்பும் கண்ட நமக்கு இதன் பொருள் விளங்கும்.

1916இல் அம்மையார் நியூயார்க்கின் ஹார்லம் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். மகள் லெலியா அங்கே 1913லிருந்தே வீடும் அழகு நிலையமும் அமைத்திருந்தார். அதே 1913இல்தான் அண்ணல் அம்பேத்கர், ஹார்லத்தை அடுத்துள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து, 1916 வரை பயின்றார். இருவரும் சந்தித்தார்கள் என்று கதை கட்ட நமக்கு விருப்பமில்லை. பருத்திப் பண்ணை அடிமைகளின் மகள் தொழிலதிபராக உலவிய வட்டாரத்துக்கு அருகிலேயே அண்ணலின் மாணவப் பருவம் கழிந்தது என்பதே போதும்.

1917இல் கிழக்கு செயின்ட் லூயிஸ் நகரில் வெள்ளையர் கும்பல் கருப்பின மக்களைக் கொன்று குவித்தது. சூலை 28ஆம் நாள் நியூயார்க் ஐந்தாம் நிழற்சாலையில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் ஒரு சொல்லும் பேசாது ஊர்வலம் சென்றனர். அடுத்து ஆகஸ்டு முதல் நாள், கும்பற்கொலையைத் தடுக்கக் கோரும் முறையீட்டுடன் வெள்ளை மாளிகைக்குச் சென்ற தூதுக் குழுவில் வாக்கர் அம்மையாரும் ஒருவர். குடியரசுத் தலைவர் வில்சன் அவர்களைச் சந்திக்கவில்லை; அலுவல் மிகுதி என்று செயலாளர் வந்து கூறினார். அதே திங்களின் இறுதியில் பிலடெல்பியா ஆலயம் ஒன்றில் அம்மையார் தம் முகவர்களின் முதல் மாநாட்டைக் கூட்டினார். இருநூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் வந்தனர். சலவையும் சமையலும் செய்து வந்தவர்கள் பலர். மிகுதியாக விற்றவர்க்கும் புதிய முகவர்களைச் சேர்த்தவர்க்கும் பரிசு அளித்ததோடு, அறப்பணிக்கு மிகுதியாகப் பொருள் தந்த முகவர் சங்கங்களுக்கும் பரிசளித்தார். பெண்களுக்குப் பெண்கள் ஆற்ற வேண்டிய கடமை பற்றிப் பேசினார். நாட்டுப்பற்று எவ்வளவு பெரிதாயினும் அநீதியைக் கண்டிக்கும் குரலை அது அடக்கிவிடக் கூடாது என்னும் கருத்தையும் வலியுறுத்தினார். கும்பற்கொலைக்கு எதிராகச் சட்டம் வேண்டும் என்று குடியரசுத் தலைவருக்கு அம்மாநாடு தந்தி அனுப்பியது. களிம்பு விற்கும் பெண்கள் கூடிய வணிக மாநாடு அது!

அவரை முதற் பெண் கோடீசுவரர் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. 1917இல் செய்தியாளரிடம் அவரே அதனை மறுத்து, இன்னும் அந்நிலையை அடையவில்லை, பிறர்க்கு உதவும் பொருட்டு அடைய விரும்புகின்றேன் என்றார். ஹட்சன் ஆற்றங்கரையில் இர்விங்டன் ஊரில் வெர்ட்னர் டாண்டி என்ற கருப்பினக் கட்டடக் கலைஞரைக் கொண்டு மாளிகை எழுப்பி 1918இல் குடிபுகுந்தார். அங்கே நெடுநாள் வாழக் கொடுத்து வைக்கவில்லை. சிறுநீரக நோயும் குருதி அழுத்தமும் வாட்ட, 1919 மே 25ஆம் நாள் தம் ஐம்பத்தொன்றாம் வயதில் மறைந்தார். டுபாய்ஸ் தாம் நடத்திய 'கிரைசிஸ்' இதழில் அஞ்சலி எழுதினார். நிறுவனத்தின் தலைமை எப்போதும் ஒரு பெண்ணிடமே இருத்தல் வேண்டும் என்பது அம்மையாரின் விருப்பமாக இருந்தது, லெலியா தலைவரானார். வருங்கால இலாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு அறப்பணிகளுக்கு என்று விருப்ப ஆவணத்தில் எழுதியிருந்தார்.

மறைவதற்குச் சில நாட்கள் முன்பு, கும்பற்கொலை எதிர்ப்பு நிதிக்கு ஐயாயிரம் டாலர் வழங்குவதாக அறிவித்தார். அதற்கான சட்ட முன்வரைவை மிசூரி உறுப்பினர் டையர் 1918இலேயே கொண்டு வந்திருந்தார். 1922இல் கீழவையில் நிறைவேறிய அதனை மேலவை முடக்கியது. அதன்பின் வந்த முன்வரைவுகளும் நூறு ஆண்டுக் காலம் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. பிலடெல்பியா ஆலயத்தில் கூடிய சலவைப் பெண்கள் தந்தி அடித்துக் கேட்ட சட்டம், எமெட் டில் என்ற சிறுவனின் பெயரைத் தாங்கி, 2022 மார்ச்சுத் திங்கள் 29ஆம் நாள் கையொப்பம் பெற்றது.